முட்டு எடுக்காதவர்

அஞ்சுகிராமத்திலிருந்து மயிலாடிக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைகிறீர்கள். கூடத்தின் நடுவில், தரையிலிருந்து கூரை வரை, காரணம் எதுவும் தெரியாமல் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. அதை வைத்தவர் யார் என்று அங்கே கேட்க வேண்டியதில்லை. முட்டு அண்ணாச்சிதான். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. குழாய்களில் பாதிக்கு மேல் இன்னும் நிற்கின்றன.

அதற்கு முட்டு என்று பெயர். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய்கள், நடுவில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, தலையிலும் காலிலும் சதுரத் தகடு. புதுக் கட்டடங்களில் கான்கிரீட் இறுகும் வரை பலகையைத் தாங்கிக்கொண்டு வரிசையாக நிற்கும். இறுகியதும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அவர் புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. பழைய கூரைகளுக்கு வலு சேர்ப்பதுதான் அவர் வேலை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் கருங்கல் சுவர் கொண்டவை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை இடித்துப் போட்ட தளம். மட்டுப்பா என்போம். கட்டியவர்கள் அங்கே புளியும் மிளகாயும் காயப்போட்டார்கள். அதற்கு மேல் பாரம் ஏறும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இப்போது சோலார் பலகை ஏறுகிறது, பெரிய தண்ணீர்த் தொட்டி ஏறுகிறது, செல்போன் கோபுரம் ஏறுகிறது. ஏற்றுவதற்கு முன் அவரைக் கூப்பிடுவார்கள்.

முதலில் உத்திரங்களுக்கு அடியில் முட்டுகளைக் கொடுத்துக் கூரையைப் பிடித்து நிறுத்துவார். பிறகு இரண்டு பக்கச் சுவரிலும் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, அதில் இரும்பு கர்டரை உட்காரவைத்து உத்திரத்தோடு சேர்ப்பார். இடைவெளியில் தகடு அடித்து இறுக்குவார். அதோடு பாரம் மரத்தை விட்டு இரும்புக்கும், இரும்பிலிருந்து சுவருக்கும் போய்விடும். இனி முட்டுக்கு வேலை இல்லை. மற்ற கான்ட்ராக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார்கள். அவரும் கழற்றுவார். ஆனால் ஒன்றை விட்டுவிடுவார். சில இடங்களில் இரண்டை.

"இதையும் எடுத்திருங்க அண்ணாச்சி" என்பார் வீட்டுக்காரர்.

"நிக்கட்டு. சோறா கேக்கு?"

கொஞ்ச நாள் பொறுத்து மறுபடி கேட்பார்கள். அப்போது அவர் சொல்வது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"ஒங்க வீடு. எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. நான் எடுக்க மாட்டேன்."

இதைக் கேட்ட பிறகு எவருக்கும் கை வராது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனவர்கள் உண்டு. மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊரில் அத்தனை முட்டுகள் நின்றுபோனது இப்படித்தான்.

நின்ற இடத்தில் அவை வேறு வாழ்க்கையைத் தொடங்கிவிட்டன. கடைத்தெருவில் ஒரு செல்போன் கடைக்காரர் முட்டைச் சுற்றிக் கொக்கிகள் மாட்டி, சார்ஜர் வயர்களைத் தொங்கவிட்டார். ஒரு ஜவுளிக்கடையில் அதற்கு நாள்தோறும் ஒரு பட்டுப்புடவை சுற்றப்பட்டது. கடையில் நன்றாக விற்பது முட்டு கட்டிய புடவைதான் என்று முதலாளியம்மா சொன்னார். மயிலாடியில் ஒரு சிற்பி தன் பட்டறையை ஒட்டிய பழைய வீட்டின்மேல் சோலார் வைத்தார். அங்கேயும் ஒரு முட்டு நின்றது. ஆயுத பூஜைக்கு உளி, சுத்தியலோடு அதற்கும் சந்தனம் பூசிப் பூ வைத்தார்கள்.

"நான் செஞ்ச சாமியக்கூட லாரியில ஏத்தி அனுப்பியாச்சு" என்றார் சிற்பி. "இந்த மனுசன் வெச்சது மட்டும் இங்கேயே பிரதிஷ்டை ஆயாச்சு."

அவரை முட்டு அண்ணாச்சி என்று முதலில் அழைத்தவர் அந்தச் சிற்பிதான் என்று ஒரு பேச்சு உண்டு. ஜவுளிக்கடையம்மாவும் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடினார்.

ஆளைப் பார்த்தால் கட்டட வேலை செய்கிறவர் என்று தோன்றாது. உயரமானவர். மடிப்புக் கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை, மஸ்கட்டில் இருந்த காலத்திலிருந்து விடாத சென்ட், தங்க நிறப் பட்டை போட்ட கைக்கடிகாரம். சிவில் டிப்ளமா முடித்தவர். கணக்கைத் தாளில் போட்டுத்தான் பேசுவார், அந்தக் கணக்கில் கொஞ்சம் கர்வமும் உண்டு. எவர் வீட்டுக்குள் போனாலும் வாசலில் நின்று முதலில் மேலே பார்ப்பார். ஒரு சுற்று பார்த்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர்களைப் பார்த்து, "சுகந்தானா?" என்று கேட்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே உட்கார மாட்டார், சுவரோரமாக ஓர் இலை தேடுவார். இந்தப் பழக்கத்தால் கழுத்து வலி வந்து, அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று மருத்துவர் பட்டை மாட்டிவிட்டார். பட்டை இருந்த நாட்களில் கழுத்தை அசைக்காமல், இடுப்பிலிருந்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

நாங்கள் போகிற கோயில் மிஷனரிகள் காலத்தில் கட்டிய சர்ச். ஆராதனை முழுவதும் அவர் கண் கூரையில்தான் இருக்கும். புதிதாக வந்த ஐயர், எங்கள் போதகர், இதைக் கவனித்துவிட்டு, பரலோகத்தை நோக்கியே கண்களை வைத்திருக்கிற ஒரு சகோதரன் இந்தச் சபையில் உண்டு என்று பிரசங்கத்தில் சொன்னார். ஆராதனை முடிந்ததும் சகோதரன் ஐயரிடம் போனார்.

"ஐயரே, நீங்க நிக்க எடத்துக்கு நேர் மேல உள்ள உத்திரத்துல கரையான் ஏறுகு."

அடுத்த ஞாயிறு ஐயர் இரண்டடி தள்ளி நின்று பிரசங்கம் செய்தார்.

ஒரு வேலைக்குக் கூப்பிட்டால், மேலே என்ன வைக்கப் போகிறீர்கள் என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்காது. "கீழ யாரு இருப்பா?" என்றுதான் கேட்பார். பதிலைப் பொறுத்து முட்டுகளின் எண்ணிக்கை மாறும். ஒரு தேங்காய்க் கிடங்கின் மட்டுப்பாவில் சோலார் வைத்தபோது எல்லா முட்டையும் கழற்றிக்கொண்டு வந்தார். "தேங்கா மேல எது விழுந்தா என்ன?" என்றார். அதே தெருவில் டியூஷன் நடக்கிற வீட்டில் மூன்றை விட்டுவிட்டு வந்தார். பிள்ளைகள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுகின்றன என்று டியூஷன் மாஸ்டர் முறையிட்டார். "ஒளியட்டு" என்று மட்டும் பதில் கிடைத்தது.

அவருடைய மனைவி இதைப் பற்றிக் குறையாகத்தான் பேசுவார். ஒருமுறை கோயில் வாசலில் என் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு மேலயும் பெரிய டேங்கு வெச்சாச்சு டீச்சர். ஒண்ணு நிக்கு, கட்டிலுக்க பக்கத்துல. ராத்திரி எழும்பினா கால் தட்டுகு."

"அவருக்குத் தட்டல்லியா?"

"அது அவருக்க சைடுல இல்ல. எனக்க சைடுல."

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று ஊர் நம்பியது. மஸ்கட்டில் இவர் பார்த்துக் கட்டிய கூரை விழுந்து ஆட்கள் செத்தார்கள் என்றார்கள். ஒருவர் என்றார்கள், ஆறு பேர் என்றும் சொன்னார்கள். பத்திரிகையில் விபத்துச் செய்திகள் எழுதிய பழக்கத்தில் நான் நேரடியாகவே கேட்டேன். டீக்கடையில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம்.

"மஸ்கட்ல ஏதாவது விழுந்துதா அண்ணே?"

"யாரு சொன்னா?"

"ஊர்ல சொல்லுகாவ."

"ஒண்ணும் விழல்ல."

"இங்க?"

"நான் கை வெச்ச கூரை எதுவும் இன்னைக்கு வரைக்கும் விழல்ல தம்பி."

"பெறவு என்னத்துக்கு இவ்வளவு பயம்?"

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணாவது விழுந்திருந்தா எப்பிடி விழும்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். "இது தெரியல்லியே."

அக்காவுக்கும் அவருக்கும் தகராறு வந்தது அஞ்சுகிராமத்தில் டயாலிசிஸ் நிலையம் தொடங்கிய பிறகு.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது நான் வேலையை விட்டு ஊருக்கு வந்து அவளோடு தங்கியிருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்பாள். வரும்போது உட்கார்ந்திருப்பதே பாடு. சில நாள் வாடகைக் கார் பிடிப்போம். குலுங்கலில் அவளுக்கு வாந்தி வரும்.

அந்த நேரத்தில் ஒரு டாக்டரம்மா எங்கள் ஊரிலேயே, மெயின் ரோட்டில் ஒரு பழைய வியாபாரியின் வீட்டை வாடகைக்கு எடுத்து நிலையம் தொடங்கினார். பின்பக்கக் கூடத்தில் மூன்று இயந்திரங்கள், மூன்று கட்டில்கள். இயந்திரங்களுக்குச் சுத்திகரித்த தண்ணீர் நிறைய வேண்டும். தரையில் இடம் இல்லாததால் தொட்டிகளும் சுத்திகரிப்புக் கருவியும் மட்டுப்பாவில் ஏறவேண்டியிருந்தது. மின்சாரம் போனால் தாங்க சோலாரும். கூரைக்கு வலு சேர்க்க அவரை அழைத்தார்கள். "கீழ யாரு இருப்பா?" என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னார். அவர் நான்கு கர்டர்கள் போட்டார். வேலையை நன்றாக முடித்துவிட்டு, கூடத்தில் தொட்டிகளுக்கு நேர் அடியில் உள்ள பாதியில் இரண்டு முட்டுகளை விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பாதியில்தான் மூன்றாவது இயந்திரத்துக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வைத்திருந்தார்கள். இரண்டு முட்டுக்கும் நடுவில் கட்டில் நுழையாது. முதல் இரண்டு கட்டில்களின் முறைகள் எல்லாம் வேறு குடும்பங்களுக்கு உறுதியாகிவிட்டன. மூன்றாவது அக்காவுக்கு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்றாவது இயந்திரம் பெட்டி பிரிக்காமல், பிளாஸ்டிக் உறையோடு முன்கட்டில் நின்றது.

நாகர்கோவிலிலிருந்து ஓர் எஞ்சினீயரை வரவழைத்தார்கள். அவர் மட்டுப்பாவில் ஏறிப் பார்த்தார், கீழே கர்டர்களை அளந்தார், கணக்கைச் சரிபார்த்தார். முட்டு தேவையில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். "அப்போ நீங்களே ஒரு ஆளை வெச்சுக் கழத்திருங்க" என்றார் டாக்டரம்மா. எஞ்சினீயர் முட்டைப் பார்த்தார். "வெச்சவரையே எடுக்கச் சொல்றதுதான் முறை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அக்கா அண்ணாச்சியை அங்கே வரச் சொன்னாள். நானும் போனேன். முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஊன்றி வந்த கைத்தடியால் முட்டைத் தட்டினாள்.

"அண்ணே, எனக்க கட்டில் கெடக்க வேண்டிய எடத்துல இது நிக்கு."

"ஆமா டீச்சர்."

"எஞ்சினீயர் வந்து பாத்தாருல்லா?"

"பாத்தாரு. கணக்கு சரின்னாரு. எனக்க கணக்கும் அதுதான்."

"பெறவு?"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்தார். முட்டின் தலைத் தகட்டுக்கும் கர்டருக்கும் நடுவில் செருகினார். கார்டு எங்கும் தடுக்காமல் நுழைந்து மறுபக்கம் வந்தது.

"தொடல்ல" என்றார்.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள். "தொடாத சாமானம் என்னத்தத் தாங்குகு?"

"தாங்குகதுக்கு இல்ல டீச்சர். பிடிக்கதுக்கு."

"அப்ப எறங்கும்னு சொல்லுதிய."

"எறங்காது. எறங்குகதுக்கு வழியே இல்ல."

"எறங்காததைப் பிடிக்க ரெண்டு காவல்காரன்."

அங்கே நின்ற நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, அதை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

"கடையில நிக்கவன் மேல சத்தம் கேட்டா ஓடிருவான். டியூஷன் பிள்ளைய அவனுக்கு முன்ன ஓடிரும். நீங்க கையில ரெண்டு ஊசியோட கெடப்பிய. ஒங்களால ஓட முடியாது."

"ஓட முடிஞ்ச காலத்துல நான் எங்கண்ணே ஓடினேன்?"

அவர் மறுபடி மேலே பார்த்தார்.

"சரி, நான் நாகர்கோவிலுக்குப் போய்ட்டு வாரேன். அந்த பஸ் கவுந்தா பிடிக்கதுக்கு எவன் முட்டு வெச்சிருக்கான்?"

"அந்த பஸ்ஸ நான் கெட்டல்லியே டீச்சர்" என்றார் அவர்.

கணக்கு வகுப்பில் எதிர்பாராத விடையோடு ஒரு பையன் எழுந்தால் பார்ப்பதுபோல அக்கா அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "நல்ல மனுசன்" என்றாள். ஆட்டோ திரும்பிய பிறகு, "இவருக்க நன்மையே நம்மளக் கொன்னுரும்போல" என்றாள்.

அந்த வாரம் நான் சில இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். செல்போன் கடை, ஜவுளிக்கடை, மயிலாடியில் சிற்பியின் வீடு. ஸ்டூல் கேட்டு வாங்கி, தலைத் தகட்டில் ஒரு கார்டைச் செருகிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நுழைந்தது. காலில் இருந்த தகட்டைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அந்தப் பிடியில்தான் அவை நின்றன. ஊரில் இருந்த முட்டுகளில் ஒன்றுகூட எதையும் தாங்கவில்லை. சிற்பியிடம் இதைச் சொன்னேன். அவர் சந்தனக் கறை படிந்த குழாயைப் பார்த்தார். "இனி இத யாருட்டயும் சொல்லாதீரும்" என்றார்.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நிலையத்தின் தொட்டிகளை நிரப்பச் சொன்னார். கூடத்தில் சுவருக்குச் சுவர் ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்டினார். நூலுக்கும் கர்டருக்கும் உள்ள தூரத்தைக் காலையிலும் மாலையிலும் அளந்தார். பகல் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு கட்டில்களில் இருந்தவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை ஆனார். தோவாளையில் பூ வியாபாரம் செய்த ஒருவர் படுத்தபடியே கேட்பார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எவ்வளவு எறங்கியாச்சு?"

"எறங்கல்ல."

"ஒரு நூல் அளவு?"

"எறங்கல்லவே."

"எனக்குத்தான் நாளுக்கு நாள் எறங்குகு. அந்த நூலை எனக்க மேல கெட்டிப் பாரும்."

அப்படியே நாட்கள் போயின. நூல் கட்டியபடியே இருந்தது, கர்டர் இருந்த இடத்தில் இருந்தது, முட்டும் நின்றது. டாக்டரம்மா பொறுமை இழந்து, தானே ஆள் வைத்துக் கழற்றப்போவதாகச் சொன்னார். "கழத்துங்க" என்றார் அவர். டாக்டரம்மா ஆள் வைக்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. ஐப்பசியில் எப்போதும் பெய்கிற மழைதான், அந்த வருடம் விடாமல் பெய்தது. குளங்கள் நிறைந்து, நாகர்கோவில் போகிற ரோட்டில் ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் ஏறி நின்றது. வெள்ளிக்கிழமை அக்காவின் முறை. பஸ் நின்றுவிட்டது. கார்காரர் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டார். உள்ளூர் நிலையத்தின் இரண்டு இயந்திரங்களிலும் அன்றும் மறுநாளும் இரவு வரை ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அது தவறவிட முடியாத நாள். ஞாயிறு நிலையம் திறக்காது.

சனிக்கிழமை அக்காவுக்கு முகம் ஊதியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தாள். தண்ணீர் குடிக்கப் பயந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். ஞாயிறு காலை கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். நான் மறுத்தேன். "இங்க உக்காந்து மூச்சு விடுகதுக்கு அங்க உக்காந்து விடுகேன்" என்றாள். கால் அவளுடைய செருப்பில் நுழையவில்லை. என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவிலிருந்து கோயில் வாசல் வரை மூன்று இடத்தில் நின்று நின்று நடந்தாள்.

அவர் எங்கள் வரிசைக்கு எதிர்ப்பக்கம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது அக்காவின் காலைப் பார்த்தார். வீங்கிப் பளபளத்த காலும், அதில் பாதி தொங்கிய ஆண்பிள்ளைச் செருப்பும். ஜெபத்தின்போதும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கினார், முடித்தார். எனக்குத் தெரிந்து அந்த ஆராதனையில் அவர் ஒருமுறையும் கூரையைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் என்னிடம் வந்தார். "அந்த ஆசுபத்திரிச் சாவி யாருக்க கையில தம்பி?"

அக்காவை ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டு நான் போனபோது வாட்ச்மேன் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார். அண்ணாச்சி கோயிலுக்குப் போட்ட சட்டையோடு தரையில் மண்டியிட்டு, முட்டின் காலில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். துருப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திருகைத் தளர்த்தி உள்குழாயை இறக்கினார். முட்டைத் தோளில் சாய்த்துத் தூக்கி, சுவரோரம் படுக்கவைத்தார். இரண்டாவதும் அப்படியே. சட்டையின் முன்பக்கம் முழுக்கச் செம்பழுப்பாகியிருந்தது. பிறகு நைலான் நூலையும் அறுத்தார்.

முட்டு நின்ற இடத்தில், தரையில் போல்ட் துளைகளுக்கு நடுவே, அவர் போய் நின்றுகொண்டார். மேலே பார்த்தார்.

"போவோமா அண்ணே?"

"நீங்க போங்க தம்பி."

வாட்ச்மேன் பிற்பாடு சொன்னார், அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் வெளியே வரவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்ததற்கும் வேண்டாம் என்றுவிட்டாராம்.

திங்கட்கிழமை ரோடு திறந்தது. நாகர்கோவிலில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் தேறி வருவதற்குள் இங்கே மூன்றாவது இயந்திரத்தின் பெட்டியைப் பிரித்து, குழாய்களை இணைத்து, சோதனையும் முடித்துவிட்டார்கள்.

அவளுக்கு ஊர் நிலையத்தில் முதல் நாள் காலையில் நான் கூட இருந்தேன். நர்ஸ் பெண் கையில் ஊசி போட்டு, குழாய்களை மாட்டி, இயந்திரத்தை ஓட்டிவிட்டாள். சிறிது நேரத்தில் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். புதிதாகச் சலவை செய்த வெள்ளைச் சட்டை. செருப்பை வெளியே கழற்றியிருந்தார். சுவரை ஒட்டி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது வேலை பாக்கி இருக்கா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல பிள்ளே. சும்மா."

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆள்தான் நிக்கலாம். தொற்று வந்துரும். தப்பா நினைக்காதீங்க."

"சரி டாக்டர்" என்று அவர் கதவுப் பக்கம் திரும்பினார். மறுபடி ஒருமுறை மேலே பார்த்துவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"தம்பி, நீ வெளிய இரு" என்றாள் அக்கா.

அவள் அவரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இருக்கட்டு."

"டீச்சர், சொந்தக்காரங்கதான் இருக்கணும்" என்றாள் நர்ஸ்.

"சொந்தக்காரன் நாலு மணிக்கூறும் போனைத்தான் பாப்பான். இவரு மேல பாப்பாரு."

பூ வியாபாரி தன் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். "நல்லது டீச்சர். செலவில்லாம எங்களுக்கும் சேத்துப் பாப்பாரு." டாக்டரம்மா தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்து என் ஸ்டூலை அவருக்குக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், அந்தப் பாதியின் இரண்டு கர்டர்களும் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

நான் முன்கட்டில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். முதலில் அவர்கள் ஏதோ பேசினார்கள். அக்கா கேட்டாள், அவர் மேலே பார்த்தபடியே பதில் சொன்னார். பிறகு பேச்சு நின்றது. நாகர்கோவிலுக்குப் போய்வந்த மாதங்களில் அக்கா இயந்திரத்தோடு இருந்த நேரத்தில் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. ரத்தம் ஓடுகிற குழாயையே பார்த்துக்கொண்டு இருப்பாள், அது நின்றுவிட்டால் யார் கவனிப்பார்கள் என்று கேட்பாள். அதனால் நர்ஸ் பெண் கதவைத் திறந்து, "சார், டீச்சர் ஒறங்கியாச்சு" என்றபோது நான் பயந்து எழுந்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஊசி குத்தாத கை கட்டிலின் விளிம்பில் தளர்ந்து தொங்கியது. மார்பு சீராக ஏறி இறங்கியது.

யாரோ மோட்டாரைப் போட்டார்கள். மட்டுப்பாவின் மேல் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கிய சத்தம் முன்கட்டு வரை கேட்டது. அவர் ஸ்டூலில் நிமிர்ந்து, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். தொட்டி நிறைந்து மோட்டார் நிற்கும் வரை அப்படியே இருந்தார். அக்கா விழிக்கவில்லை.